மினாமி-உராவா நிலையம், 2013 ஜூலை 22: ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே சிக்கிய பயணி

காலை நெரிசலில் ரயிலை விட்டு இறங்கிய பெண் ஒருவர் இடைவெளிக்குள் விழுந்து இடுப்பளவில் சிக்கிக்கொண்டார். ஊழியர்களோடு பயணிகள் சுமார் 40 பேர் சேர்ந்து பெட்டியைத் தள்ளிச் சாய்த்து அவரை வெளியே எடுத்தார்கள். 8 நிமிடத் தாமதத்தோடு ரயில் கிளம்பிவிட்டது. அங்கிருந்த நாளிதழ்ப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படம் பல நாட்டுச் செய்திகளில் வந்தது. பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தின் மனதைப் பாராட்டினார்கள். நியாயம்தான். ஆனால் 32 டன் பெட்டி மனித பலத்துக்கு எப்படி அசைந்தது, என்ன செய்துமுடித்த பிறகு தள்ளலாம், எப்போது தள்ளக் கூடாது என்பதைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை. நிலையப் பணியில் இருப்பவர்களுக்கு வேண்டியது அதுதான்.

நிலையமும் தடமும்

மினாமி-உராவா, டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா நகரத்தில் உள்ள புறநகர் நிலையம். கெய்ஹின்-தொஹோக்கு தடத்தில் 1961இல் திறக்கப்பட்டது. 1973இல் முசாஷினோ தடம் மேம்பாலத்தில் குறுக்காக வந்து சேர்ந்ததும் இது ரயில் மாறும் இடமாகிவிட்டது. கீழே இரண்டு தீவு நடைமேடைகள் (இருபுறமும் ரயில் நிற்பவை), நான்கு தடங்கள். மேலே முசாஷினோ ரயில்கள். காலையில் ஒரு கூட்டம் படியிறங்கி டோக்கியோ ரயிலுக்கு ஓடும். இன்னொரு கூட்டம் அதே ரயிலிலிருந்து இறங்கி மேலே ஏறும். இரண்டும் ஒரே கதவருகில்தான் முட்டிக்கொள்ளும். இடைவெளிக்குள் கால் போவதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் வேண்டாம். முன்னால் நிற்பவரின் முதுகு மறைப்பதால் இறங்குபவருக்குத் தன் பாதம் தெரியாது.

அப்போது இந்தத் தடத்தில் ஓடியது இ233 வகை மின்ரயில். 10 பெட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 20 மீ. நீளம், பக்கத்துக்கு 4 கதவுகள், மேல்கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். முன்னால் ஓட்டுநர், கடைசிப் பெட்டியில் கதவுகளை இயக்கும் கார்டு.

இடைவெளி எங்கிருந்து வருகிறது

ஓடும் பெட்டி பக்கவாட்டில் ஆடும். சக்கரம் தேயும். ஜல்லித் தடத்தில் தண்டவாளமே மாதக்கணக்கில் மெல்ல நகரும். இத்தனைக்கும் இடம் விட்டுத்தான் நடைமேடை விளிம்பைக் கட்ட முடியும். இ233 பெட்டியின் அகலம் 2,950 மி.மீ. என்பது ஜன்னல் பகுதியில் எடுத்த அளவு. அடிப்பகுதி உள்வாங்கிக் குறுகும். ஆகவே கண்ணுக்கு ஒட்டி நிற்பதுபோலத் தெரியும் பெட்டிக்கும் காலடிக்கும் நடுவே நினைத்ததைவிட அகலமான பள்ளம் இருக்கும்.

நடைமேடை வளைந்திருந்தால் இன்னொரு அளவும் கூடுகிறது. பெட்டி நேரானது, விளிம்பு வளைவானது. வளைவின் உட்புறத்தில் பெட்டியின் நடுப்பகுதி விளிம்பை நெருங்கும், முனைகள் விலகும். வெளிப்புறத்தில் அது தலைகீழ். 20 மீ. பெட்டிக்கு மனக்கணக்கே போதும்: 50,000ஐ வளைவின் ஆரத்தால் (மீட்டரில்) வகுத்தால், வளைவினால் கூடும் இடைவெளி மில்லிமீட்டரில் கிடைக்கும். 400 மீ. ஆரத்துக்கு 125 மி.மீ.; 300 மீ. ஆரத்துக்கு 167 மி.மீ. நேர்ப்பாதைக்கே வேண்டிய இடைவெளியும், தடத்தின் சாய்மானத்தால் பெட்டி சரியும் அளவும் இதோடு சேரும். டோக்கியோவின் ஈதாபாஷி நிலையம் ஏறத்தாழ 300 மீ. ஆர வளைவில் இருந்தது. அங்கே இடைவெளி 33 செ.மீ. வரை போனது. விளக்கு வைத்தார்கள், ஒலிபெருக்கியில் ஓயாமல் எச்சரித்தார்கள். கடைசியில் 2020 ஜூலையில் நடைமேடையையே சுமார் 200 மீ. தள்ளிக் கட்டினார்கள்.

மினாமி-உராவாவில் அன்று சொல்லப்பட்ட இடைவெளி சுமார் 20 செ.மீ. ஒரு ஏ4 தாளின் குறுகிய பக்கம் 21 செ.மீ. கால் தாராளமாகப் போகும். ஒல்லியான பெரியவரின் தொடையும் போகும். இடுப்பெலும்பு போகாது.

காலை 9.15

திங்கட்கிழமை, 9.15 மணியளவில் ரயில் நின்று கதவுகள் திறந்தன. 30களில் இருக்கும் ஒரு பெண் இறங்கும்போது கால் இடைவெளிக்குள் போய், இடுப்பு வரை இறங்கி மாட்டிக்கொண்டார். மார்பும் கைகளும் நடைமேடை மட்டத்துக்கு மேலே. கால்கள் தண்டவாளத்துக்கு மேல் அந்தரத்தில்.

இப்படிச் சிக்கியவர் தானாக வெளியே வர முடியாது. கைகளை நடைமேடையில் ஊன்றி எழும்பப் பார்த்தாலும், கீழே பாதத்துக்குப் பிடிமானம் இல்லை. மேலிருந்து இருவர் கைகளைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவலாம். இடுப்பு மட்டும் அங்கேயே இருக்கும். உடை, பெல்ட், தோள்பை மூன்றும் ஆப்பு அடித்ததுபோல் இறுக்கும். ஆக, அவரைத் தூக்குவதைவிடப் பள்ளத்தின் சுவர்களில் ஒன்றை நகர்த்துவதே வழி. நடைமேடை நகராது.

முதல் வேலை: ரயில் அசையாமல் இருப்பது

இங்கே வரிசைதான் முக்கியம். ஆள் சிக்கியிருக்கும்போது ரயிலை ஓரடி முன்னே எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை யாருக்காவது வரும். அது கொலைக்குச் சமம். பெட்டி நீளவாக்கில் நகர்ந்தால் உடல் உருளும். அடுத்து வருவது கதவு விளிம்போ, பெட்டிக்கு அடியில் தொங்கும் கருவிப் பெட்டியோ, சக்கரமோ.

நடைமேடைத் தூண்களில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஓட்டுநர்களுக்கான எச்சரிக்கை விளக்குகள் எரியும், ஊழியர்களுக்கு மணி அடிக்கும். இந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2001 ஜனவரி 26 இரவு டோக்கியோவின் ஷின்-ஓக்குபோ நிலையத்தில் மதுபோதையில் ஒருவர் தண்டவாளத்தில் விழ, அவரைக் காப்பாற்றக் குதித்த தென்கொரிய மாணவரும் ஜப்பானியர் ஒருவரும் அவரோடு சேர்ந்து ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நிறுத்தப் பொத்தான்களும், நடைமேடைக்கு அடியில் ஒதுங்கும் இடங்களும் நாடெங்கும் வேகமாக வந்தன. பயணிகளிடம் சொல்வதும் அன்றிலிருந்து ஒன்றே: இறங்காதே, பொத்தானை அழுத்து.

நின்றிருக்கும் ரயிலுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. கதவு திறந்திருக்கும்வரை மோட்டாருக்கு மின்விசை போகாதபடி சுற்று அமைந்திருக்கிறது. எனவே மீட்பு நடக்கும் பெட்டியில் வேலைக்குத் தடையாக இருந்தால் ஒழிய, எல்லாக் கதவுகளையும் மூட அவசரப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது. பிரேக் போட்டிருக்கிறது, நீங்கள் சொல்லும்வரை வண்டி நகராது என்று ஓட்டுநர் வாயால் சொல்லக் கேட்ட பிறகே பெட்டியில் கை வைக்க வேண்டும். இந்தத் தடத்தில் மின்சாரம் மேலே இருப்பதால், தொங்கும் கால்களுக்கு மின்தாக்கு ஆபத்து இல்லை. டோக்கியோ சுரங்க ரயிலின் கின்ஸா தடம்போல, பக்கத்தில் போட்ட மூன்றாம் தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும் இடமாக இருந்தால், அதை அணைப்பது முதல் வேலைகளில் ஒன்றாகும்.

இரண்டாவது முடிவு: காத்திருப்பதா, தள்ளுவதா

119க்கு அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படை வரும். அவர்களிடம் காற்றடிக்கும் பை ஜாக்கி இருக்கும்: காலி நிலையில் தட்டையான ரப்பர் மெத்தை, இடைவெளிக்குள் செருகிக் காற்று ஏற்றினால் டன் கணக்கில் தள்ளும். பெட்டியைக் கட்டுப்பாட்டோடு நகர்த்த அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் வந்து சேர நேரம் ஆகும். காலை நெரிசலில் நடைமேடைக்குக் கொண்டுவர மேலும் நேரம் ஆகும்.

அதற்குள் வயிறும் இடுப்பும் இறுகிக்கொண்டிருக்கின்றன. ஆள் களைத்துச் சரியச் சரிய இன்னும் கீழே இறங்குவார். மார்பு இடைவெளிக்குள் வந்துவிட்டால் மூச்சுக்கே சிக்கல். நீண்ட நேரம், குறிப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல், நசுங்கிக் கிடந்தவரை மருத்துவ உதவி இல்லாமல் சட்டென விடுவிப்பது ஆபத்து; தேங்கிய நச்சு இதயத்துக்குப் பாயும். சில நிமிடங்களே ஆகியிருந்தால் அந்தக் கவலை இல்லை. சீக்கிரம் விடுவிப்பதே சரி.

நிலைய ஊழியர்கள் தள்ளத் தொடங்கினார்கள். ஒருவர் சிக்கியிருக்கிறார் என்று அறிவிப்பு ஒலித்தது. அதைக் கேட்டுப் பயணிகள் வந்து கைகொடுத்தார்கள். எண்ணிக்கை 40ஐத் தொட்டது.

32 டன் ஏன் அசைந்தது

32 டன்னை யாரும் தூக்கவில்லை. பெட்டியின் மேற்கூடு சக்கரங்களின் மேல் நேரடியாக உட்காரவில்லை. கீழே இரண்டு போகிகள். (வழக்கில் நாம் பெட்டியையே போகி என்கிறோம், ரயில்வே தொழிலில் அது சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டத்தின் பெயர்.) ஒவ்வொரு போகியின் இருபுறமும் ஒரு காற்று ஸ்பிரிங், ஆக நான்கு ரப்பர் பைகளின் மேல் மேற்கூடு மிதக்கிறது. பயணத்தில் மெத்தென்று இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அதனாலேயே பக்கவாட்டில் தள்ளினால் கூடு கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் சாயும். சக்கரம் தண்டவாளத்தில் அப்படியே நிற்கும்.

ஒருவர் 25 கிலோ விசையில் தள்ளுகிறார் என்று வைத்தால், 40 பேர் சேர்ந்து ஒரு டன். அந்த ஒரு டன் ஸ்பிரிங்கைச் சில சென்டிமீட்டர் வளைக்கப் போதும். இறுகிய இடுப்பு விடுபட அந்தச் சில சென்டிமீட்டர்தான் தேவை. 40 என்ற எண்ணும் தற்செயலாக அமைந்ததல்ல. 20 மீ. பெட்டியில் ஒருவருக்கு அரை மீட்டர் தோள் இடம் என்றால் ஒரே வரிசையில் அவ்வளவு பேர்தான் நிற்க முடியும். அதற்கு மேல் வருபவர்கள் முன்வரிசையின் முதுகைத்தான் தள்ளுவார்கள்.

தள்ளும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. போகிக்கும் கூட்டுக்கும் நடுவே பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க எண்ணெய் டாம்பர் இருக்கிறது. அது வேகத்தை எதிர்க்கும். தடாலென்று முட்டினால் பாதி விசை அதிலேயே தீர்ந்துவிடும். சீராக அழுத்திக்கொண்டே போனால் வழிவிடும். அதோடு, பெட்டித் தரையின் உயரத்தைச் சமன்செய்யும் வால்வு ஒன்று காற்று ஸ்பிரிங்கோடு இணைந்திருக்கிறது. ஒரு பக்கம் தாழ்ந்தால், சற்றுத் தாமதித்து, அந்தப் பக்கம் காற்றை ஏற்றிப் பெட்டியை நிமிர்த்தும். அதாவது நீங்கள் சாய்த்ததை வண்டியே நேராக்கப் பார்க்கும். ஆகவே மெல்லத் தொடங்கி, முழு பலத்துக்கு ஏறி, வால்வு வேலைசெய்யும் முன் ஆளை எடுத்துவிட வேண்டும். நிமிடக் கணக்கில் தாங்கிப்பிடிக்கும் வேலை அல்ல இது.

உள்ளே இருக்கும் பயணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று பார்க்க எல்லோரும் நடைமேடைப் பக்க ஜன்னலுக்கு வருவார்கள். பெட்டி சிக்கியவர் பக்கமே சாயும். அவர்களை எதிர்ப்பக்கம் அனுப்பலாம். தொலைவிலுள்ள கதவு வழியாக இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. சுமை குறைந்தால் ஸ்பிரிங்கில் காற்றழுத்தம் குறையும், பெட்டி எளிதாகச் சாயும்.

சேர்ந்து தள்ள ஜப்பானியர் சொல்லும் சொல் 'ஸே-நோ'. நம் 'ஐலசா' செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஒரு குரல் மட்டும் அதைச் சொன்னால் 40 பேரின் விசை ஒரே நொடியில் சேரும். நான்கு பேர் நான்கு பக்கம் கத்தினால் பத்துப் பத்தாகச் சிதறும்.

விளைவு

பெட்டி சாய்ந்தது, இடைவெளி விரிந்தது, பெண்ணை வெளியே இழுத்தார்கள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவருக்குப் பெரிய காயம் இல்லை. காயம் வெளியே தெரியாவிட்டாலும் இவ்வகை விபத்தில் மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை: இடுப்பெலும்பு விரிசலும் வயிற்றுக்குள் கசியும் ரத்தமும் முதல் அரைமணியில் முகத்தில் தெரியாமல் போகலாம். ரயில் 8 நிமிடத் தாமதத்தில் புறப்பட்டது.

அடுத்த ஆண்டு, 2014 ஆகஸ்ட் 6 அன்று, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ஸ்டிர்லிங் நிலையத்தில் ரயிலேறிய ஒருவரின் கால் இடைவெளியில் சிக்கியது. அங்கும் பயணிகள் இறங்கிவந்து பெட்டியைச் சாய்த்து விடுவித்தார்கள். நாடு வேறு, ரயில் வேறு. ஸ்பிரிங்கின் இயல்பு ஒன்றுதான்.

பிறகு வந்த ஏற்பாடுகள், அவற்றின் எல்லை

மினாமி-உராவாவிலிருந்து டோக்கியோ நோக்கி அடுத்த நிலையம் வராபி. 2017 ஜனவரி 14 அன்று, வழிகாட்டி நாயோடு வந்த பார்வையற்ற பயணி ஒருவர் அங்கே நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்து ரயில் மோதி இறந்தார். நடைமேடைத் தடுப்புக் கதவுகள் வேண்டும் என்ற குரல் வலுத்தது. ரயில் நிறுவனம் 2018இல் டோக்கியோ வட்டாரத்தின் 330 நிலையங்களுக்குத் திட்டம் அறிவித்தது. 2023 மார்ச்சில் பயணக் கட்டணத்தோடு 10 யென் சேர்த்து அதற்குப் பணம் திரட்டத் தொடங்கியது.

வராபியில் நடந்ததற்குத் தடுப்புக் கதவு நேரான பதில். மினாமி-உராவாவில் நடந்ததற்கு அல்ல. இடைவெளிக்குள் கால் போவது ரயில் கதவும் தடுப்புக் கதவும் ஒருசேரத் திறந்திருக்கும்போதுதான். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய பிழை. போதாக்குறைக்கு, தடுப்பு விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்பதால், தடுப்புக்கும் ரயிலுக்கும் நடுவே யாராவது அகப்பட்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தனியாக உணரி வேண்டியிருக்கிறது.

இடைவெளிக்கான மருந்து வேறு: விளிம்பில் பொருத்தும் சீப்புப் பல் வடிவ ரப்பர். பற்கள் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும். ரயில் உரசினால் ஓடும் திசையில் வளைந்து கொடுக்கும். வளைவு அதிகமான இடங்களில் கதவு திறக்கும்போது மட்டும் நீளும் படிப்பலகை உண்டு. அது உள்வாங்காமல் ரயில் புறப்பட முடியாதபடி பூட்டு தேவைப்படுவதால், செலவும் பழுதும் கூடும். சக்கர நாற்காலி உதவியின்றி ஏறுவதற்கு ஜப்பான் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் வைத்த இலக்கு, இடைவெளி 7 செ.மீ., உயர வேறுபாடு 3 செ.மீ. அதுவும் கான்கிரீட் தளத்தில் பதித்த நேர்த்தடத்துக்கு. காரணம் முன்பு சொன்னதுதான், ஜல்லித் தடம் ஓரிடத்தில் நிற்காது.

பயிற்சியில் மாற வேண்டியவை

இத்தகைய நிகழ்வுக்கு நிலையங்கள் ஒத்திகை பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்துவது ஒருவர், ஓட்டுநரிடமிருந்து உறுதி வாங்குவது ஒருவர், 119க்கு அழைப்பது ஒருவர் என்று முன்பே பிரித்திருக்க வேண்டும். தள்ளுவதாக முடிவெடுத்தாலும் மீட்புப் படைக்கான அழைப்பை ரத்து செய்யக் கூடாது. முதல் தள்ளலில் வராவிட்டால் ஜாக்கி வந்துகொண்டிருக்க வேண்டும். அறிவிப்பில் 'உதவுங்கள்' என்பது போதாது. எந்தப் பெட்டி, கையை எங்கே வைப்பது, யார் குரலுக்குத் தள்ளுவது என்று சொல்ல வேண்டும். கையைத் தட்டையான பக்கச்சுவரில் வைக்க வேண்டும். கதவு இலையிலோ கண்ணாடியிலோ வைக்கக் கூடாது. தள்ளுபவர் ஒரு கால் பின்னே ஊன்றி நிற்பார், சிக்கியவருக்கு அருகில் இருக்கும் இருவர் தள்ளவே மாட்டார்கள். அவர்கள் வேலை அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தாங்குவதும், தோள்பை வாரை அறுப்பதும்.

படத்தைப் பார்த்து யாரும் யோசிக்காத கட்டம் ஒன்று உண்டு: கையை எடுப்பது. சாய்ந்த பெட்டி ஸ்பிரிங்கின் மேல் இருப்பதால் விட்டவுடன் நடுநிலைக்குத் திரும்பி, அதையும் தாண்டி நடைமேடைப் பக்கம் ஒருமுறை ஆடும். அந்த நேரத்தில் பாதம் இன்னும் உள்ளே இருந்தால் முதலில் இருந்ததைவிடக் குறுகிய இடத்தில் நசுங்கும். பெண் வெளியே வந்ததும் கைதட்டத் தோன்றுவது இயல்பு, கைதட்டக் கையை எடுக்க வேண்டும். எனவே விடுவதற்கும் ஒரு சொல் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் தள்ளச் சொன்னவர் அல்ல. சிக்கியவரின் தலைமாட்டில் குனிந்திருப்பவர், இரண்டு பாதங்களையும் நடைமேடைத் தரையின் மேல் கண்ணால் பார்த்த பிறகு அதைச் சொல்ல வேண்டும்.